டைல் அருமை, போட்டவர்கள்தான் படுத்திவிட்டார்கள்

கூடத்திலும் இரண்டு அறைகளிலும் இருந்த பழைய சிமெண்ட் தரையை உடைத்துவிட்டு 600க்கு 600 மில்லிமீட்டர் விட்ரிஃபைட் டைல் போட்டு ஆறு மாதம் ஆகிறது. டைல் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வகை 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் கறை உள்ளே இறங்குவதில்லை, ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாலே போய்விடுகிறது.

போட்ட விதம்தான் மனசைக் கஷ்டப்படுத்தியது. டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் பசையை உருண்டையாக வைத்து அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள். பசை காய்ந்த பிறகு ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தேன், பதினோரு டைல்கள் டொக் டொக்கென்று வெற்றாக ஒலித்தன. அடியில் காற்று நின்றால் கனமான பாத்திரம் விழுந்தாலே விரிசல் விடும் என்று சண்டை போட்டுத்தான் அவற்றைப் பெயர்த்து மறுபடி போட வைத்தேன். இந்த முறை பல் வைத்த கரண்டியால் பசையைத் தரை முழுக்க இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகப் பூசினார்கள். முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாமே!

இணைப்பே தெரியாமல் ஒட்டிவிடுகிறோம் என்றதற்கு நான் சம்மதிக்கவில்லை, டைல்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி விடும் ஸ்பேசர் துண்டுகளை வைத்தே போடச் சொன்னேன். வெயிலில் டைல் லேசாக விரியும், அதற்கு இடம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பும் எபாக்ஸி கிரவுட் விலை கூடத்தான், ஆனால் இன்னும் கறுக்கவில்லை.

அப்புறம், பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் தயாரானதைக் காட்டும் எண், இருக்கிறதா பாருங்கள். பெயர்க்கும்போது உடைந்த பதினோரு டைலுக்கும் எனக்குக் கைகொடுத்தது அந்த மிச்சம்தான்.