மூளையைப் பார்க்க இரண்டு வழி, வெட்ட மூன்று வழி

1930 வாக்கில் ஒருவருக்கு மூளையில் கட்டி இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டால் சாதாரண எக்ஸ்ரே பெரும்பாலும் கைகொடுக்காது. மண்டையோடு தெரியும், உள்ளே இருக்கும் மூளை தெரியாது. கையில் இருந்தவை முக்கியமாக இரண்டு வழிகள்: காற்று அல்லது சாயம். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் மனநோய்க்கு மூளையை வெட்டும் பழக்கமும் தலையெடுத்தது. இந்த இரண்டு கதைகளையும் தனித்தனியாகவே சொல்கிறார்கள், ஆனால் இரண்டிலும் நடுவில் நிற்பவர் ஒரே ஆள், லிஸ்பனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் எகஸ் மோனிஸ்.

முதலில் காற்று. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்டர் டாண்டி 1918-ல் செய்தது இது. மூளைக்கு நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. மண்டையில் துளை போட்டு அந்த நீரை எடுத்துவிட்டுக் காற்றை அடைத்தால், எக்ஸ்ரேயில் அறைகளின் வடிவம் கருப்பாக விழும். அறை ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தள்ளியிருந்தால் கட்டி எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். அடுத்த வருடமே முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றும் முறையும் வந்தது. அதில் மண்டையைத் துளைக்க வேண்டாம், ஆனால் நோயாளி படும் பாடு சாதாரணமானது இல்லை. நாற்காலியில் கட்டி உட்காரவைத்து, காற்று எல்லா மூலைக்கும் போகட்டும் என்று முன்னும் பின்னும் சாய்ப்பார்கள். மண்டை பிளக்கிற வலி, வாந்தி, அதுவும் படம் எடுத்து முடிந்த பிறகும் நாள்கணக்கில். மூளைக்குள் அழுத்தம் ஏறியிருப்பவருக்கு முதுகு வழியாக நீரை எடுத்தால் மூளையே கீழே இறங்கி உயிர் போகலாம் என்பதால், கட்டி சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடி துளைதான்.

சாயம் மோனிஸுடையது. கழுத்து ரத்தக்குழாயில் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை ஏற்றி, அது மூளைக்குள் ஓடும் சில நொடிகளுக்குள் படம் பிடிக்க வேண்டும். முதலில் புரோமைடு உப்பை வைத்து முயன்றபோது ஒரு நோயாளி இறந்தார், பிறகு சோடியம் அயோடைடுக்கு மாறி 1927-ல் படம் கிடைத்தது. ரத்தக்குழாய் புடைத்திருப்பதையும் முறுக்கிக் கிடப்பதையும் காட்ட இதைவிட்டால் அன்றைக்கு வழியே இல்லை, காற்று அந்த விஷயத்தில் பக்கத்தில்கூட வர முடியாது. அப்புறம் 1931 வாக்கில் தோரோட்ராஸ்ட் என்ற புதுச் சாயம் வந்தது. வலி இல்லை, படம் துல்லியம். ஆனால் அது கதிரியக்கமுள்ள தோரியம். உடம்பைவிட்டு வெளியேறாமல் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் பலருக்குப் புற்றுநோயாக வெடித்தது.

என்னைக் கேட்டால் இரண்டில் பெரிய கண்டுபிடிப்பு சாயம்தான். டாண்டியின் காற்று 1970-களில் சிடி ஸ்கேன் வந்ததும் மறைந்துவிட்டது, ஆஞ்சியோகிராம் என்ற பெயரில் சாயப் படம் இன்றைக்கும் நடக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக இருந்த நல்ல குணம் ஒன்று உண்டு: படம் பொய் சொன்னால் மண்டையைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

வெட்டுவதில் அந்தச் சோதனை இல்லை. 1935 நவம்பரில் மனநோயாளிகளுக்கு மோனிஸ் சொல்ல, அறுவை மருத்துவர் அல்மெய்டா லிமா வெட்டினார் (மோனிஸின் கைகள் கீல்வாதத்தால் முடங்கியிருந்தன). முன்மடலின் (நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி) நரம்பு இழைகளை முதலில் ஆல்கஹால் ஊற்றியும் பிறகு கம்பி வளையம் உள்ள ஒரு கருவியாலும் அறுத்தார்கள். 20 பேரில் 7 பேர் குணமானார்கள், 7 பேருக்கு முன்னேற்றம் என்று அடுத்த வருடமே அறிவித்துவிட்டார், நோயாளிகளைச் சில வாரங்கள், மாதங்கள் மட்டுமே கவனித்துவிட்டு. 1949-ல் நோபல் பரிசு கிடைத்தது இதற்குத்தான், ஆஞ்சியோகிராமுக்கு இல்லை. இது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் ஃப்ரீமனும் அறுவை மருத்துவர் வாட்ஸும் 1936-ல் இதை எடுத்துக்கொண்டார்கள், லோபோடமி என்று பெயரும் வைத்தார்கள். மண்டையில் துளை போட்டு, மரத்துப்போகும் ஊசி மட்டும் கொடுத்து, நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே அறுப்பார்கள். பேச்சு குழம்பினால் போதும் என்று நிறுத்துவார்கள். அளவுகோல் அவ்வளவுதான். 1941-ல் 23 வயது ரோஸ்மேரி கென்னடிக்கு (பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடியின் தங்கை) இப்படிச் செய்ததில் நடையும் பேச்சும் போய், 2005-ல் இறக்கும்வரை பிறர் பராமரிப்பிலேயே வாழ்ந்தார்.

1946-ல் ஃப்ரீமன் கண்ணுக்கு மேல் இமைக்கடியில் கூர்க்கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டும் முறைக்குப் போனார். மயக்கத்துக்கு மின்னதிர்ச்சி, வேலை சில நிமிடங்கள், ஆபரேஷன் தியேட்டரே தேவையில்லை. அவர் அறுவை மருத்துவர்கூட இல்லை. வாட்ஸ் இதனால்தான் விலகினார். இரண்டையும் ஒப்பிட்டால் துளை முறை பரவாயில்லை என்று சொல்லத் தோன்றும், நான் சொல்லமாட்டேன். அங்கே குறைந்தபட்சம் ஒரு அறுவை மருத்துவர் இருந்தார், அவ்வளவுதான். இரண்டிலும் கருவியின் முனை எந்த இழையை அறுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நோயாளி அடங்கிவிட்டாரா என்பதே வெற்றி.

மூன்றாவது வழியில்தான் படமும் கத்தியும் சந்தித்தன. 1947-ல் ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவர்கள் ஸ்பீகலும் வைசிஸும் லோபோடமியின் சேதத்தைக் குறைக்க வேண்டும் என்றே ஒரு சட்டகத்தைத் தலையில் பொருத்தி, டாண்டியின் காற்றுப் படத்தை வைத்து இடத்தைக் கணக்கிட்டு, ஊசிமுனை அளவுக்கு மட்டும் உள்ளே திசுவை அழித்தார்கள். சாயத்துக்கு என் ஓட்டு என்றேன், ஆனால் இந்த இடத்தில் காற்றுதான் ஜெயித்தது. ஆழத்தில் உள்ள புள்ளியை அளக்க அறைகளின் விளிம்புதான் உதவும்.

இந்த முறை சென்னைக்கும் வந்தது. நரம்பு அறுவை மருத்துவர்கள் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா குழு கட்டுக்கடங்காத மூர்க்கத்துக்காக அமிக்டலாவில் (பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள மூளைப் பகுதி) இப்படி அறுவை செய்தது. நோயாளிகளில் குழந்தைகளும் உண்டு. தொழில்நுட்பத்தில் இது ஃப்ரீமனின் சுத்தியலுக்கு எட்டாத உயரம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் மூர்க்கம் குறைந்ததை யாருக்கான நன்மையாகக் கணக்கு வைப்பது, குழந்தைக்கா வீட்டாருக்கா என்ற கேள்விக்கு எந்த எக்ஸ்ரேயும் பதில் சொல்லாது. லோபோடமியைப் பெருமளவு ஒழித்ததும் படம் இல்லை, 1950-களில் மனநோய்க்கு வந்த குளோர்ப்ரோமசின் மாத்திரைதான்.