1996-இன் இரண்டு தாவல்கள்: சூப்பர் மாரியோ 64, டூம் ரெய்டர்

அதுவரை வீடியோ கேம் திரையில் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்த உருவத்துக்கு 1996-இல் ஆழமும் கிடைத்தது. அந்த ஆழத்துக்குள் அதை எப்படி நடக்க வைப்பது, எப்படித் தாவ வைப்பது? ஜூன் மாதம் ஜப்பானில் நின்டெண்டோ 64 கருவியோடு வெளிவந்த சூப்பர் மாரியோ 64 ஒரு விடை சொன்னது. சில மாதங்கள் கழித்து இங்கிலாந்தின் டெர்பி நகரத்து கோர் டிசைன் நிறுவனத்திடமிருந்து வந்த டூம் ரெய்டர் அதற்கு நேர்மாறான விடையைச் சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்து, முதலிலிருந்து இறுதிவரை மீண்டும் ஆடி முடித்திருக்கிறேன். நினைவில் இருந்த தரவரிசை தலைகீழாகிவிட்டது.

மாரியோவின் சிறப்பு முதல் நிமிடத்திலேயே கைக்குத் தெரிகிறது. கோட்டைக்கு வெளியே இருக்கும் புல்வெளியில் எதிரிகள் இல்லை, நேரக் கெடுவும் இல்லை. கைப்பிடியில் உள்ள சிறு குச்சியான அனலாக் ஸ்டிக்கை லேசாகச் சாய்த்தால் பதுங்கி நடக்கிறார், முழுவதும் தள்ளினால் ஓடுகிறார். மூன்று முறை தொடர்ந்து குதித்தால் மூன்றாவது தாவல் குட்டிக்கரணமாக உயர்கிறது. ஓடிக்கொண்டே சட்டென்று எதிர்த்திசையில் திருப்பிக் குதித்தால் இன்னொரு வகைத் தாவல். சுவரில் மோதும் கணத்தில் பொத்தானை அழுத்தினால் அதை உதைத்து மேலே போகலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த உடலின் எடையும் வேகமும் சறுக்கலும் துளிகூடப் பழசாகவில்லை. ஆட்டத்தில் சேர்க்க வேண்டிய நட்சத்திரம் எதையும் தேடாமல் அந்தப் புல்வெளியிலேயே அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

டூம் ரெய்டரின் நாயகி லாரா கிராஃப்டைக் கையில் எடுத்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. அவர் வண்டியைப் போலத் திரும்புகிறார். மேல் பொத்தானை அழுத்தினால், திரையில் எந்தத் திசை மேலே இருந்தாலும் அவர் முகம் பார்க்கும் பக்கம்தான் போவார். நல்ல ஆட்டம்தான், ஆனால் காலம் கடந்துவிட்டது என்று இந்த இடத்திலேயே முடிவுகட்டிப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் வேறொன்று புலப்படும். லாராவின் உலகம் முழுவதும் ஒரே அளவுள்ள கட்டங்களால் ஆனது. நின்ற இடத்திலிருந்து தாவினால் ஒரு கட்ட இடைவெளியைக் கடக்கலாம். ஓடித் தாவினால் இரண்டு. விளிம்பைக் கையால் பற்றிக்கொண்டால் மூன்று. நடை பொத்தானை அழுத்திக்கொண்டு விளிம்புவரை போனால் அவர் விழவே மாட்டார். அங்கிருந்து ஒரு குதி பின்வாங்கி, ஓடத் தொடங்கியதும் தாவல் பொத்தானை அழுத்திவிட்டால், சரியாக விளிம்பில் கால் பதித்துத் தாவுவார்.

மாரியோ காற்றில் இருக்கும்போதே திசையைத் திருத்திக்கொள்ளலாம், தப்புக் கணக்கையும் கடைசி நொடியில் சமாளிக்கலாம். லாரா தரையை விட்டபின் ஏறக்குறைய எதையும் மாற்ற முடியாது. பள்ளத்தின் ஓரத்தில் நின்று, எதிரே உள்ள பாறைக்கு எத்தனை கட்டம் என்று எண்ணி, அதன் பிறகே காலை எடுக்க வேண்டும். பள்ளத்தின் பயம் நிஜமாவது அந்த எண்ணும் நேரத்தில்தான்.

கேமரா விஷயத்தில்தான் என் மனம் மாறியது. மாரியோவைப் படம்பிடிப்பவர் மேகத்தில் மிதக்கும் லக்கிட்டு என்ற பாத்திரம் என்று ஆட்டமே அறிமுகம் செய்கிறது, அழகான கற்பனை. ஆனால் பேய் மாளிகையின் குறுகிய அறைகளிலும், வானத்தில் தொங்கும் பாதைகள் நிறைந்த கடைசி உலகத்திலும் கேமரா சுவரில் முட்டி நிற்கிறது, வேண்டிய கோணத்தைத் தர மறுக்கிறது. கண்ணால் அளந்து தாவ வேண்டிய ஆட்டத்தில் கண்ணை மறைத்தால் என்ன செய்வது? நான் விழுந்த இடங்களில் பாதி என் பிழையால் அல்ல. டூம் ரெய்டரின் கேமரா இதைவிட உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன், மூலைகளில் அதுவும் தடுமாறுகிறது. ஆனால் அங்கே தாவலை எண்ணிக்கை தீர்மானிக்கிறது. கோணம் மோசமாக இருந்தாலும் கணக்கு மாறுவதில்லை.

சண்டை லாராவின் பலவீனம். துப்பாக்கி தானாகவே குறிபார்க்கிறது. விசையை அழுத்தியபடி பக்கவாட்டில் குதித்துக்கொண்டே இருந்தால் போதும்.

இடங்களைப் பொறுத்தவரை இரண்டும் செல்வம்தான். மாரியோவில் 15 உலகங்கள், மொத்தம் 120 நட்சத்திரங்கள். இறுதிச் சண்டைக்கு 70 போதும். கடிகாரத்துக்குள் நுழையும் உலகம் இன்றும் வியப்பூட்டுகிறது: நுழையும்போது நிமிட முள் 12-இல் இருந்தால் உள்ளே எல்லாம் அசையாமல் நிற்கும். ஆனால் பெரும்பாலான நட்சத்திரங்களை எடுத்தவுடன் உலகத்தை விட்டு வெளியே தள்ளப்படுகிறோம். நூறு நாணயம் சேர்க்கும் வேளையில் தொண்ணூறில் விழுந்தால் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் இதைப் பொறுத்துக்கொண்டோம். இப்போது சலிப்பாக இருக்கிறது.

டூம் ரெய்டரின் கிரேக்கப் பகுதியில் செயின்ட் பிரான்சிஸ் ஃபாலி என்ற லெவல் வருகிறது. கிணறு போல ஆழமாக இறங்கும் ஒரே கூடம். அதைச் சுற்றி நெப்டியூன், அட்லஸ், டாமக்ளிஸ், தோர் என்று பெயர் பொறித்த நான்கு கதவுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தப் பெயருக்கேற்ற சோதனை. வரைபடம் இல்லை, வழிகாட்டும் அம்புக்குறி இல்லை. நேதன் மெக்ரீயின் இசை எப்போதாவது சில நொடிகள் எழுந்து அடங்குகிறது; மற்ற நேரமெல்லாம் காலடி ஓசையும் தொலைவில் ஏதோ மூச்சும்தான். கோஜி கொண்டோ மாரியோவுக்கு அமைத்த மெட்டுகள் நாள் முழுவதும் வாயில் முணுமுணுக்கின்றன, ஆனால் இந்த மௌனம் அவற்றைவிட அதிக நாள் என்னோடு இருக்கும்.

ஆடிப் பார்க்க விரும்புவோர் வடிவத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டூம் ரெய்டரின் பழைய பிளேஸ்டேஷன் வடிவத்தில் ஆங்காங்கே கிடைக்கும் படிகங்களைத் தொட்டால்தான் சேவ் ஆகும், கணினி வடிவத்தில் எங்கும் சேவ் செய்யலாம். முதன்முறை ஆடுபவருக்கு இந்த ஒரு வேறுபாடே ஆட்டத்தை வேறாக்கிவிடும். 2024 பிப்ரவரியில் வந்த மறுபதிப்பில் புதிய கிராஃபிக்ஸும் பழையதும் ஒரே பொத்தானில் மாறுகின்றன. புதிய ஒளியமைப்பு அழகு, ஆனால் சில அறைகளில் இருட்டு கூடிப்போய்ச் சாவிகள் கண்ணில் படுவதில்லை. அதிலுள்ள நவீன கன்ட்ரோல் முறையைச் சில லெவல்கள் முயன்றேன். லாரா இணக்கமாகத் திரும்பினார், ஆனால் கட்டக் கணக்கு கையை விட்டு நழுவியது. பழைய முறைக்கே திரும்பி, விளிம்புக்கு நடந்து, ஒரு குதி பின்வாங்கி, மீதியை அப்படியே ஆடி முடித்தேன்.

பத்து நிமிட ஓய்வு கிடைத்தால் மாரியோவின் புல்வெளிக்குத்தான் போவேன். ஓர் இரவு முழுவதும் கையில் இருந்தால், அந்தக் கிணற்றின் விளிம்புக்கு.