தருமபுரி பைண்டிங் கடையில் கட்டிய எழுத்து நோட்டு: ஒரு மதிப்புரை

தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கு, எழுதியதைத் தாமே திரும்பிப் பார்ப்பதற்கென்று ஓர் இடம் வேண்டும். அந்தத் தேவைக்காகவே தருமபுரி கடைவீதியில் உள்ள பைண்டிங் கடையொன்றில் அளவும் தாளும் சொல்லிக் கட்டி வாங்கிய இரண்டு குயர் நோட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. லாங் சைஸ், கோடு போடாத 80 ஜி.எஸ்.எம். தாள் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்னும் தாள் எடையளவு), 192 பக்கங்கள், கறுப்புக் காலிகோ துணி ஒட்டிய முதுகு, விலை 220 ரூபாய். அலங்காரம் எதுவும் கிடையாது. எனினும் எழுத்து வேலைக்கு இதைவிடப் பொருத்தமான நோட்டை நான் பயன்படுத்தியதில்லை.

இதன் சிறப்பு தையலில் இருக்கிறது. மலிவான நோட்டுகளில் தாள்களை அடுக்கி ஓரமாகத் தைத்துவிடுவதால், நடுப்பகுதி விரியாமல் கையை எதிர்த்துக்கொண்டே இருக்கும். இங்கே தாள்களைச் சிறு சிறு கட்டுகளாக மடித்து, ஒவ்வொரு கட்டின் நடு மடிப்பிலும் நூல் கோத்துத் தைத்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து முதுகில் துணி ஒட்டுகிறார்கள். அதனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேசைமீது தட்டையாகப் படிகிறது. ஒட்டுவதற்கு மைதாப் பசைதான். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கிறார்கள். இத்தையலில் இன்னொரு விளைவும் உண்டு. ஒரு தாளைக் கிழித்தால், அதே மடிப்பின் மறுபாதியான தாளும் தளர்ந்து கழன்றுவிடும். எனவே பிடிக்காத பக்கத்தைக் கிழித்தெறிய மனம் வராது; அடித்துவிட்டு மேலே எழுதத்தான் வேண்டும். கைப்பேசியிலும் கணினியிலும் அழித்த வரி சுவடில்லாமல் போய்விடுகிறது. இந்த நோட்டில் அடித்த வரியும் படிக்கும்படி அப்படியே இருக்கிறது. எதை எழுதத் தயங்கினோம், எந்த இடத்தில் பயந்து பின்வாங்கினோம் என்பதை அடித்த வரிகளைப்போல வேறெதுவும் காட்டுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பள்ளி நோட்டுகளின் தாள் பெரும்பாலும் 60 ஜி.எஸ்.எம். அளவிலேயே இருப்பதால், மை பேனாவால் எழுதினால் மறுபக்கம் தெரியும். இத்தாளில் மை பரவவில்லை. கோடு வேண்டுவோர் அடியில் வைத்துக்கொள்ள ஒரு கோட்டுத் தாளும் தருகிறார்கள்.

நான் வலப்பக்கத்தில் மட்டும் தேதியிட்டு எழுதி, இடப்பக்கத்தைக் காலியாக விடுகிறேன். சில வாரங்கள் கழித்து வேறு நிற மையில், எழுதியவரைக் கேள்வி கேட்கும் வாசகராக இடப்பக்கத்தை நிரப்புகிறேன். தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களைப் பற்றி எழுதிய கட்டுரையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அதன் முதல் வரைவு வில், வாள், வீரன் நிற்கும் கோலம் என்று முழுக்கவும் வருணனையாக இருந்தது. பின்னர் அதைப் படித்தபோது, ‘இக்கல்லை நட்டவர்களின் துயரம் எங்கே?’ என்று இடப்பக்கத்தில் எழுதினேன். அந்தக் கேள்வி என்னைப் புறநானூற்றின் 232ஆம் பாடலுக்குக் கொண்டுபோனது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லைப் பாடும் ஔவையார், அதில் கல்லை வருணிக்கவே இல்லை. நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், சிறு கலத்தில் உகுக்கும் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறார். இம்மாவட்டத்துக் கிராமங்களில் நடுகற்களை இன்றும் வேடியப்பன் என்னும் தெய்வமாக வழிபடுகிறார்கள். அப்படியொரு கல்லுக்கு விளக்கேற்றிய மூதாட்டியைப் பற்றி நான் எழுதி, தேவையில்லை என்று அடித்திருந்த வரி கண்ணில் பட்டது. கட்டுரையின் இரண்டாம் வரைவு அந்த வரியிலிருந்து தொடங்கியது. தாளைக் கிழித்திருந்தாலோ திரையில் அழித்திருந்தாலோ அது எனக்குத் திரும்பக் கிடைத்திருக்காது.

தன்னை அறிவதற்கென்றே பக்கந்தோறும் கேள்விகள் அச்சிட்ட நோட்டுகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. நாளைப் பற்றி நாலு வரி எழுதிப் பழகுவோருக்கு அவை துணைசெய்யலாம். கதையோ கவிதையோ எழுதுகிறவருக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். கேள்வியைத் தேடிக் கண்டுபிடிப்பதே எழுத்தின் முதல் வேலை என்னும்போது, அதை இன்னொருவர் முன்கூட்டியே செய்து தந்துவிட்டால் விடைகளும் ஒரே சாயலில் வந்து நிற்கின்றன. வெற்றுப் பக்கத்தின் முன் சிறிது நேரம் எதுவும் தோன்றாமல் அமர்ந்திருப்பதற்கும் எழுத்தில் பங்கு உண்டு.

குறைகளும் உள்ளன. அரைக் கிலோவுக்கு மேல் எடை இருப்பதால் பயணத்துக்கு உகந்ததன்று. பக்க எண் அச்சிட்டுத் தருவதில்லை. எழுதியதைத் தேடி எடுக்க வேண்டியவர்கள் முதல் நாளே எண்ணிட்டு, கடைசி இரண்டு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது. அட்டையின் முனைகள் விரைவில் மழுங்குகின்றன. முனைகளுக்கும் துணி ஒட்டித் தரும்படி கேட்டால் செய்து தருகிறார்கள், ஆனால் நாமாகக் கேட்க வேண்டும். வேலை முடிய ஒரு வாரம் ஆகிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தனி வேலைகளை ஏற்பதில்லை என்பதால், வேண்டுவோர் ஏப்ரலிலேயே சொல்லி வைக்கலாம். அப்போது ‘நடுத் தையல், கோடில்லாத 80 ஜி.எஸ்.எம்.’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கணக்கு நோட்டுக்குரிய கோட்டுத் தாளில் கட்டிவிடுவார்கள்.