ட்ரூநாஸ்: பள்ளிக்கூட ஃபோல்டருக்கு நல்ல பூட்டு

கிளிநொச்சிப் பக்கம் ஐசிடி படிப்பிக்கிறன், ஒரு வருசமா எங்கட பள்ளிக்கூட சேர்வருக்கு ட்ரூநாஸ் (ஃபைலுகளை நெட்வேர்க்கில எல்லாருக்கும் குடுக்கிற ஓஎஸ்) தான், காசில்லை, 8 ஜிபி ராம் உள்ள பழைய மெஷினே காணும். முந்தி ஒரே ஷெயார் (நெட்வேர்க்கில திறக்கிற பொது ஃபோல்டர்), எல்லாருக்கும் ஃபுல் கன்ட்ரோல், தவணைச் சோதனைப் பேப்பர் கிடந்த ஃபோல்டரை ஒரு பெடியன் தெரியாமல் இழுத்து வேற ஃபோல்டருக்குள்ள விட்டிட்டான், ரெண்டு நாள் தேடினம், நித்திரையே இல்லை.

இப்ப ஆளாளுக்கு இல்லை, குறூப்புக்குத்தான் பெர்மிஷன். ரீச்சர்மாருக்கு மொடிஃபை (மாத்தவும் அழிக்கவும் ஏலும்), பிள்ளையளுக்கு ரீட் மட்டும். புது ரீச்சர் மாற்றலாகி வந்தா குறூப்பில சேர்த்து விட்டாச் சரி, ஆனா அவ ஒருக்கா லொக் ஓஃப் பண்ணி வரோணும், இல்லாட்டி திறக்காது.

எனக்கு நல்லாப் பிடிச்சது அக்சஸ் பேஸ்ட் ஷெயார் எனுமரேஷன், அதுக்கு டிக் போட்டா, ஷெயார் ஏசிஎல்லில (ஆருக்கு என்ன அனுமதி எண்ட பட்டியல்) அனுமதியில்லாத ஷெயார் பிள்ளையளின்ர கண்ணிலயே படாது. ஏசிஎல் பக்கம் பழகக் கொஞ்சம் நாள் எடுக்கும், ஏற்கனவே உள்ளுக்க கிடக்கிற ஃபைலுகளுக்கும் மாற்றம் போகோணுமெண்டா ரிகர்சிவ் டிக் கட்டாயம், நான் அதை மறந்து அரைநாள் மினைக்கெட்டன்.

ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்தில ஃபைலுகள் இருந்த நிலையின்ர பதிவு) போட்டு வையுங்கோ, அழிஞ்ச மார்க்ஸ் ஷீட்டை விண்டோஸிலயே ப்ரீவியஸ் வேர்ஷன்ஸுக்குள்ள போய் எடுக்கலாம். எங்கட பக்கம் கரண்ட் நிக்கிறது தெரியும்தானே, யூபிஎஸ் இல்லாமல் வைக்காதேங்கோ.