மலை ரோட்டுக்கு டிஸ்க் பிரேக்கா, கட்டை பிரேக்கா?

நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உயரம், அங்கருந்து நானுஓயா ஸ்டேஷனுக்கு பெரும்பாலும் எறக்கம்தான். தெனம் சைக்கிள்ல வேலைக்கு போறவங்களுக்கு எத்தன கியருங்கிறத விட என்ன பிரேக்குங்கிறதுதான் விஷயமே.

கட்டை பிரேக்குன்னா ரப்பர் கட்டை ரெண்டு பக்கமும் ரிம்ம கவ்வுற வகை. விலை கம்மி, எந்த கடையிலயும் கட்டை கெடைக்கும், ஒரு ஸ்பேனர் இருந்தா நீங்களே மாத்திரலாம். வெயில் நாள்ல ஒரு கொறையும் இல்ல. ஆனா மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை ஊத்துதே, அப்ப ரிம்மு நனைஞ்சிருச்சுன்னா மொத புடி புடிக்கவே புடிக்காது, சக்கரம் ரெண்டு மூணு சுத்து சுத்தி தண்ணிய வழிச்ச பொறகுதான் கட்டை கவ்வும், அதுக்குள்ள வளைவுல எதிர பஸ்ஸு வந்துரும். ஒருக்கா நான் நேரா தேயிலைக்குள்ளயே போய் நின்னேன், கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த அக்கா "தம்பி, ரோடு அந்தப்பக்கம்"ன்னாங்க. அதுபோக கட்டையில மண்ணு ஒட்டி கருப்புத் தண்ணியா வழியும், அது ரிம்மயே அரிச்சுரும், ரிம்மு உள்வாங்கி குழிஞ்சிருந்தா மாத்தத்தான் வேணும்.

டிஸ்க் பிரேக்குல புடிக்கிற தகடு (டிஸ்க்கு) சக்கரத்துக்கு நடுவுல இருக்கதால சேறு தண்ணி அவ்வளவா படாது, மழையிலயும் சட்டுன்னு புடிக்கும், ரிம்மும் தேயாது. தொல்ல என்னன்னா செயினுக்கு எண்ண விடுறப்ப ஒரு சொட்டு டிஸ்க்குல பட்டாலும் போச்சு, கீச்சு கீச்சுன்னு கத்தும், புடிக்காது. ஆயில்ல ஓடுற வகைக்கு கொழாயில புகுந்த காத்த எடுக்கத் தெரிஞ்ச ஆள வேற தேடணும்.

என்னக் கேட்டா, ஆயில் இல்லாம கம்பி இழுத்து புடிக்கிற கேபிள் டிஸ்க்கு. முன்சக்கரத்துக்கு மட்டும் இருந்தாக்கூட போதும்.