வீட்டுக்கே வரும் கால்நடை மருத்துவர்: 11 வார அனுபவம்

சிறுநீரகம் செயலிழந்த எங்கள் 13 வயது ஸ்பிட்ஸ் நாய் பொம்மிக்காக, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரின் சேவையைச் சென்னையில் 11 வாரங்கள் பயன்படுத்தினோம். தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவரிடம் போவதற்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் பொம்மியை மூன்று நாள் உள்நோயாளியாக வைத்திருந்தோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், இரத்தத்தில் 6.2 இருந்தது. நாய்களுக்கு அது 5-ஐத் தாண்டினால் நோயின் நான்காம் கட்டம், அதாவது கடைசிக் கட்டம். இரத்தத்தில் அந்த அளவு உயரத் தொடங்கும்போதே சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். மூன்று நாள் டிரிப்ஸுக்குப் பிறகு அளவு 5.4-க்கு இறங்கியது, கட்டணம் 34,000 ரூபாய் ஆனது. அடுத்ததாக வாரம் இருமுறை டயாலிசிஸ், ஒரு முறைக்கு 15,000 ரூபாய் என்றார்கள். எத்தனை வாரம் என்று கேட்டபோது ‘பார்க்கலாம் சார்’ என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை. நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாம் என்று என் மனைவி சொன்னார், நானும் மறுக்கவில்லை.

வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் இரண்டாம் கருத்துக் கேட்டோம். எலிக்காய்ச்சல், நஞ்சு போன்றவற்றால் திடீரெனப் பழுதான சிறுநீரகம் தேறி எழும்வரை டயாலிசிஸ் அவகாசம் வாங்கித் தரும் என்றும், ஆண்டுக்கணக்கில் தேய்ந்துபோன சிறுநீரகத்துக்கு அது அவகாசம் மட்டுமே, அந்த அவகாசத்தின் முடிவில் காத்திருப்பது எதுவும் இல்லை என்றும் அங்கே விளக்கினார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

வீட்டுக்கு வந்த மருத்துவர் முதல் நாள் ஒன்றரை மணி நேரம் இருந்தார். அறிக்கைகளைப் படித்து முடித்தபின், பொம்மிக்கு எது பிடிக்கும், எங்கே படுக்கும், யார் வந்தால் எழுந்து வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வாந்தியை அடக்க ஒரு மாத்திரை, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த உணவோடு கலக்கும் ஒரு பொடி, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று என மருந்துகளை மூன்றாகக் குறைத்தார். தோள்பட்டைகளுக்கு இடையே தளர்ந்திருக்கும் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அதனடியில் ஊசியைச் செருகி ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை ஏற்றுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஏற்றியதும் முதுகில் திமில்போல் வீங்கி, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். முதல் வாரம் கை நடுங்கியது. இரண்டாம் வாரத்தில் பொம்மி என் மடியிலேயே தூங்கிப்போனாள். சிறுநீரக நோய்க்கான சிறப்பு உணவை அவள் முகர்ந்துகூடப் பார்க்காதபோது, பட்டினியைவிடத் தயிர்சாதம் மேல் என்று மருத்துவர் தயங்காமல் அனுமதித்தார்.

இச்சேவையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி மதிப்பெண் தாள். நோயுற்ற விலங்கின் வாழ்க்கைத் தரத்தை அளக்க அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அந்த அளவுகோலில் வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்னும் ஏழு கேள்விகளுக்குத் தலா 10 மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 35-க்கு மேலிருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் ஞாயிறுதோறும் தனித்தனியாகப் போடச் சொன்னார். எட்டாம் வாரத்தில் நான் 44 போட்டேன், மனைவி 36 போட்டிருந்தார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஈரத்தைத் துடைத்துத் துணி மாற்றியவர் அவர். மாலையில் வாலாட்டலை மட்டும் பார்த்தவன் நான். எண்ணால் நோயை அளந்துவிட முடியாது என்ற என் தொடக்க ஐயம் இன்னும் தீரவில்லை. ஆனால் வீட்டில் யாருமே பேசத் துணியாத ஒன்றை அந்தத் தாள் பேச வைத்தது.

ஒரு வருகைக்கு 1,200 ரூபாய் வாங்கினார். மருந்து, ஊசி, பாட்டில்கள், இரண்டு இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து 11 வாரங்களுக்கு 27,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று.

குறைகளும் உண்டு. எழுத்துப்பூர்வமான கட்டணப் பட்டியல் கிடையாது. கேட்டால்தான் ரசீது தருவார். தனி ஒருவராக இயங்குவதால், ஐந்தாம் வாரச் சனிக்கிழமை இரவு பொம்மிக்கு வலிப்பு வந்தபோது விடியும்வரை அவருடைய தொலைபேசி எடுக்கப்படவில்லை. அவசரத்துக்கு அழைக்க வேறொரு மருத்துவரின் எண்ணை முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதை ஏற்று, மறுநாளே ஓர் எண்ணைக் கொடுத்தார். மேலும், தினமும் ஊசி போட வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்; காலையில் கிளம்பி இரவில் திரும்பும் குடும்பங்களுக்கு இந்த முறை ஒத்துவராது. நோய் திடீரென வந்திருந்தாலோ, விலங்கு இளவயதாக இருந்தாலோ, இவரிடம் வருவதற்கு முன் வேப்பேரிக்குச் செல்லுங்கள். அவரே அதைத்தான் சொல்வார்.

இருவர் தாளிலும் எண் 30-க்குக் கீழே இறங்கிய 11-ஆம் வாரத்தில், திண்ணையில் அவள் வழக்கமாகப் படுக்கும் சாக்கின் மீதே மயக்க ஊசி போட்டு, அது நன்றாக இறங்கியபின் கடைசி ஊசியைச் சிரை வழியே செலுத்தினார். அவசரப்படுத்தவில்லை. மீதமிருந்த நான்கு ரிங்கர் லாக்டேட் பாட்டில்களை இன்னொரு வீட்டுக்குப் பயன்படும் என்று வாங்கிக்கொண்டு, அவற்றின் விலையைக் கடைசிக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார்.