கடை நம்பரைக் கைத்தொலைபேசிக்கு மாற்றப் போய், நம்பரையே விலை கொடுத்து மீட்ட கதை

சிங்கப்பூரில் 6-இல் தொடங்கும் பழைய தரைவழிக் கடை நம்பரை இன்னும் விடாமல் வைத்திருக்கும் சின்ன வியாபாரிகளுக்காக இதை எழுதுகிறேன். "கடைக்கு வரும் போனெல்லாம் உங்கள் கைத்தொலைபேசியிலேயே அடிக்கும், மாதம் பதினைந்தே வெள்ளி" என்று யாராவது வந்து நின்றால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்றே மாதத்தில் எனக்கு ஆயிரத்து நூறு வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் போனது. போன காசைவிட, போன கல்யாண ஆர்டர்தான் இன்னும் உறுத்துகிறது.

தேக்கா பக்கம் எங்களுக்குப் பூக்கடை. அப்பா காலத்து நம்பர். பெயர்ப்பலகையில் அந்த நம்பருக்கு முன்னால் இருக்கும் 6 மட்டும் வேறு சிவப்பில், கொஞ்சம் ஒடுங்கி நிற்கும். 2002 மார்ச்சில் எல்லாத் தரைவழி எண்களுக்கும் முன்னால் 6 சேர்த்தார்களே, அப்போது அப்பாவே பெயிண்ட் டப்பாவோடு ஏணியில் ஏறி எழுதியது. பில் புத்தகம், பை, கோயில் விழா மலர் இதழ்களில் கொடுக்கும் விளம்பரம் எல்லாவற்றிலும் அதே நம்பர்தான். பழைய வாடிக்கையாளர்கள் பலர் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

ஆனால் முகூர்த்த நாளில் கடையில் யார் இருப்பது? விடியற்காலையிலேயே நான் வேனில் மண்டபத்துக்குப் போய்விடுவேன். மனைவி மணவறை அலங்காரத்தில் இருப்பார். கடையில் மாலை கட்டும் அக்காவுக்குக் கையெல்லாம் ஈரம். போன் அடித்து ஓயும். அதனால் ஓர் இடைத்தரகர் நிறுவனத்தின் விற்பனைத் தம்பி சட்டை டக் இன் செய்துகொண்டு வந்து, "அண்ணே, நம்பர் மாறாது, நீங்க எங்க இருந்தாலும் போன் வரும்" என்று சொன்னபோது எனக்குத் தேன் மாதிரி இருந்தது. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த தரைவழிக் கட்டணத்தில் பாதிதான் அது. அமைப்புக் கட்டணம் ஒருமுறை 180 வெள்ளி. இரண்டு வருட ஒப்பந்தம். வாடிக்கையாளருக்குச் சரம் அளந்துகொண்டே நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நாலாவது தாளில் என்ன இருந்தது என்பது மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கைத்தொலைபேசியில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தார்கள். அது தூங்கிவிட்டால் சாதாரண அழைப்பாகத் திருப்பி விடுவார்களாம். செயலி பெரும்பாலும் தூங்கிக்கொண்டேதான் இருந்தது. பேட்டரி மிச்சம் பிடிக்க இந்தப் போன்கள் பின்னணியில் ஓடும் செயலிகளை அமுக்கிவிடும். அதை அமைப்பில் போய் நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஆவணி வந்தது. பொதுவாக எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம். போன் என்னவோ அமைதியாக இருந்தது. இந்த வருடம் வியாபாரம் மந்தம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை ஈசூனிலிருந்து ஓர் அம்மா, மூத்த மகள் கல்யாணத்துக்கு எங்களிடமே மாலை வாங்கியவர், கடை வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, கடையை மூடிட்டீங்களா? வீட்டுப் போன்லருந்து நாலு தடவை அடிச்சேன். யாரும் எடுக்கலையே."

"கடை இருக்கும்மா. போன் வரவே இல்லையே…"

"சின்னவ கல்யாணத்துக்கு வேற இடத்துல சொல்லிட்டேன்பா" என்றார். அதை அவர் வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கே சோதித்துப் பார்த்தேன். என் இன்னொரு கைத்தொலைபேசியிலிருந்து கடை நம்பரை அழைத்தால் வந்தது, ஆனால் திரையில் என் நம்பருக்கு முன்னால் +65 என்று சிங்கப்பூர்க் குறியீட்டைக் காட்டியது. மனைவி உடனே சொன்னார்: "இந்த மாதிரி பிளஸ் போட்டு வர்றதையெல்லாம் நான் கட் பண்ணிட்டேங்க. மோசடின்னு தானே சொல்றாங்க." அவர் மேல் தப்பே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு 2020 முதல் முன்னால் பிளஸ் குறி வருகிறது. உள்ளூர் அழைப்புக்கு அது வராது. +65 என்று உள்ளூர் வேடம் போட்டு வந்தால் எடுக்காதே என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் எதிர்க்கடையின் தரைவழிப் போனிலிருந்து அழைத்தேன். அங்கே மணி அடிக்கிறது, என் போனில் ஒரு சத்தமும் இல்லை.

நெட்வொர்க் வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவன் இதை விளக்கினான். மலிவாகக் கொடுப்பதற்காக அவர்கள் அழைப்பை வாங்கி, வெளிநாட்டுத் தடம் ஒன்றின் வழியாகச் சுற்றி என் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து உள்ளூர்த் தரைவழி எண்ணோடு வரும் அழைப்பு இங்குள்ள தொலைபேசி நிறுவனங்களுக்கு மோசடிக்காரன் அழைப்பாகத்தான் தெரியும். அவர்கள் தடுத்துவிடுகிறார்கள். ஆக, வீட்டுப் போனிலிருந்து அழைத்த என் பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் வாசலிலேயே நின்றிருக்கிறார்கள். வெளிநாட்டு அழைப்பே வேண்டாம் என்று கைத்தொலைபேசியில் முழுதாக நிறுத்தி வைத்திருப்பவர் என்றால் ஒன்றுகூட வந்திருக்காது.

இதற்கு நடுவில் பில். பதினைந்து வெள்ளி என்பது வாடகை மட்டும்தானாம். கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 9 காசு தனி. முதல் மாதம் 640 நிமிடம், 57 வெள்ளி 60 காசு. வாடகையும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்து 79 வெள்ளி 13 காசு. திருப்பிவிடும் அழைப்பில் கூப்பிடுகிறவர் கடை நம்பர் வரைக்கும்தான் காசு கட்டுகிறார், அதற்கு மேல் நம் கணக்கு. இது எந்த நிறுவனத்திலும் பொதுவாக அப்படித்தான், அதில் மோசடி இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சரி, போதும், பழைய நிறுவனத்துக்கே போகிறேன் என்று விண்ணப்பித்தேன். அங்கேதான் நாலாவது தாள் வெளியே வந்தது. நம்பரை மாற்றிக்கொள்ள நான் கொடுத்த அனுமதியில், மாறிய பிறகு நம்பர் அந்த இடைத்தரகர் நிறுவனத்தின் பெயரில் பதிவாகும் என்று பொடி எழுத்தில் இருந்தது. அப்பா ஏணியில் ஏறி எழுதிய நம்பருக்கு இப்போது வேறு யாரோ சந்தாதாரர். அவர்களுக்கு இணைப்புக் கொடுக்கும் பெரிய நிறுவனத்துக்கு, பல வருடப் பில்களை எல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பினேன். பதிவில் உள்ள சந்தாதாரர் கேட்டால்தான் விட முடியும் என்று பணிவாகப் பதில் வந்தது. தரகரிடம் கேட்டால் மீதி 21 மாத வாடகை 315 வெள்ளி, "எண் விடுவிப்புக் கட்டணம்" 400, மொத்தம் 715.

பயனீட்டாளர் சங்கத்தை விசாரித்தேன். அவர்கள் பார்ப்பது தனிப்பட்ட வாடிக்கையாளர் புகார்களை, வியாபாரத்துக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் உள்ள தகராறு அவர்களிடம் வராது. சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்கு நான் போயிருக்கலாம். 20,000 வெள்ளி வரைக்கும் எடுத்துக்கொள்வார்கள், வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். போகவில்லை. அடுத்த முகூர்த்தம் பத்து நாளில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 715-ஐக் கட்டி நம்பரை மீட்டேன். கோழைத்தனம் என்று என் சொந்தத் தம்பி சொன்னான். இருக்கலாம்.

இப்போது நான் வைத்திருப்பது மிகச் சாதாரணமான ஏற்பாடு. தரைவழி பழைய நிறுவனத்திலேயே, கடைப் பெயரில். அவர்களுடைய அழைப்புத் திருப்பும் வசதியையே கேட்டு வாங்கி, கடையில் சில தடவை மணி அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் மட்டும் கைத்தொலைபேசிக்குப் போகிற மாதிரி வைத்திருக்கிறேன். எல்லா அழைப்பையும் திருப்பினால் எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கு ஓடும், இப்படியென்றால் தவறுகிற அழைப்புக்கு மட்டும்தான். அதற்கென்றே பத்து வெள்ளிக்குள் ஒரு சிம்-மட்டும் திட்டம், பழைய போன் ஒன்று. அந்தப் போன் அடித்தாலே அது கடை என்று தெரியும், யார் வேனில் இருக்கிறார்களோ அவர்கள் பையில் அது இருக்கும். புதிதாகக் கடை போடுகிறவர் என்றால் 3-இல் தொடங்கும் இணையவழி எண் மலிவாகக் கிடைக்கும், அது மோசமில்லை. பெயர்ப்பலகை எழுதும் முன்னால் முடிவு செய்துகொள்ளுங்கள்.

செயலி வழியாகத்தான் வேண்டும் என்றால், கையெழுத்துக்கு முன் ஒரு வாரம் சோதித்துக் கேளுங்கள். நம்பரைக் கொடுக்காமல், அவர்களுடைய தற்காலிக எண்ணில். ஒரு தரைவழிப் போனிலிருந்தும் அழைத்துப் பாருங்கள், திரையில் பிளஸ் வருகிறதா என்று பாருங்கள். நம்பர் யார் பெயரில் பதிவாகும் என்பதை வாயால் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தத் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தளத்தில் உரிமம் உள்ளவர்கள் பட்டியல் இருக்கிறது, அதையும் ஒரு தடவை பார்க்கலாம்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்டுத் தனியாக எழுதாதீர்கள், சொல்லப்போவதில்லை. ஆனால் யாராவது ஏற்கெனவே இப்படித் தாள் வாங்கி வைத்திருந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம். மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் கை கொஞ்சம் ஓய்வாக இருக்கும்.